அடுத்த ஷிப்டுக்கு வந்தால் விபத்தில்லை

மார்ச் மாதத்தில் எனக்கு முழங்கால் சரியாக மடங்காது. அதனால்தான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். பனி உருகத் தொடங்கும்போது எங்கள் ஆலையில் பாதிப் பேருக்கு இப்படித்தான். நீங்கள் சின்ன வயது, இதெல்லாம் இன்னும் தெரிய வராது. வக்கீல் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். அவர் வந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குறுக்கே கையை நீட்டுவார், பேச்சு இழுத்துக்கொண்டே போகும். எனக்கு அலுத்துவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயர் ஹில்க்கா. வார்ப்பாலையில் பாதுகாப்பு அதிகாரி. அதற்கு முன்னால் அதே ஆலையில் நர்ஸ். அதற்கும் முன்னால் மாவட்ட ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸ். ஆலையின் மருத்துவ அறையை மூடிவிட்டு வைத்தியத்தை நகரத்துக் கிளினிக்கிடம் கொடுத்தபோது, என்னை வீட்டுக்கு அனுப்ப மேலாளர் யூர்க்கிக்கு மனம் வரவில்லை. ஆட்களை உனக்குத் தெரியும், மேசையை மட்டும் மாற்றிக்கொள் என்றார். மாற்றிக்கொண்டேன்.

நாங்கள் கல் உடைக்கும் இயந்திரங்களுக்கு எஃகுத் தாடைகள் வார்க்கிறோம். ஒரு தாடை சின்னக் கார் ஒன்றின் எடை இருக்கும். உருகிய எஃகு, மணல் அச்சு, சங்கிலி, கிரேன் என்று நாள் முழுக்கப் புழங்குகிற இடத்தில் ஆட்களுக்கு அடிபடாமல் இருக்காது. நான் வந்த புதிதில் வாரத்துக்கு ஒருவராவது ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே என் கதவைத் தட்டுவார்கள். பாதுகாப்பு அதிகாரியான பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மேடைகளுக்குக் கைப்பிடிக் கம்பி போட வைத்தேன். முகக்கவசம் இல்லாமல் உலைப் பக்கம் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். தேய்ந்த சங்கிலிகளை நானே நின்று வெட்டிப் போட வைத்தேன். அடிபடுவது பாதியாகக் குறைந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு விட்டுவிடுவீர்கள்.

பாதிக்குக் கீழே அது இறங்கவில்லை. மனிதர்கள் களைத்துப் போகிறார்கள், கவனம் பிசகுகிறது, இரும்பு வழுக்குகிறது. ஆனால் ஸ்டாக்ஹோமில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு விபத்து எண்ணிக்கை வருடா வருடம் இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை என்றால் யூர்க்கியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், யூர்க்கி என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

எங்கள் தொழிலில் எதை விபத்து என்கிறோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அடிபட்டவர் அடுத்த ஷிப்டுக்கு வரவில்லை என்றால் அது விபத்து. வந்துவிட்டால் வெறும் சம்பவம். தலைமை அலுவலகம் சம்பவங்களைக் கேட்பதில்லை. வந்தவர் வழக்கமான வேலையைத்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற மாற்று வேலை கொடுக்கலாம். டாக்டர்களும் சம்மதிப்பார்கள், தொழிற்சங்கமும் சம்மதிக்கும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் அதைக் கொஞ்சம் அக்கறையோடு செய்தேன்.

முதலில் கணுக்கால் உடைந்த ஒருவர். தனியாள். வீட்டில் விட்டால் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுக் குடித்துக்கொண்டே கிடப்பார் என்று ஊருக்கே தெரியும். காலையில் டாக்ஸி அனுப்பி அழைத்து வந்தேன். பழைய மருத்துவ அறையில் சாய்வு நாற்காலி போட்டேன், காப்பி வைத்தேன், வார்ப்புகளில் கட்டுகிற தகர வில்லைகளை அளவுவாரியாகப் பிரிக்கச் சொன்னேன். போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். அந்தக் கோடை முழுவதும் அவர் சந்தோஷமாக இருந்தார். பாட்டிலைத் தொடவில்லை. ஆள் தேறினார், எண்ணும் கெடவில்லை. இதில் என்ன தப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும்தான்.

அந்த அறைக்கு ஆட்கள் 'குழந்தைகள் காப்பகம்' என்று பெயர் வைத்தார்கள். யாருக்காவது கையில் கட்டுப் போட்டிருந்தால், நாளைக்குக் காப்பகத்துக்கு வரும்போது மாற்றுத் துணி எடுத்து வா என்று கிண்டல் பண்ணுவார்கள். அச்சுப் பிரிவில் கை வெந்துபோன பெண் ஒருத்தி அங்கே நான்கு வாரம் உட்கார்ந்து பாதுகாப்புப் படங்கள் பார்த்தாள். வலி தாங்கவில்லை என்றாள், மாத்திரை கொடுத்தேன். தலையில் அடிபட்ட ஒருவர் குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தார், நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு இன்றுவரை பத்திரிகையின் இடது ஓரம் கண்ணில் படுவதில்லை என்கிறார் அவர் மனைவி. ஆனால் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

அடுத்தது கேக். ஆலை வாசலில் விபத்தில்லாத நாட்களைக் காட்டும் பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு நூறு தாண்டும்போதும் வெள்ளிக்கிழமை மதியம் எல்லோருக்கும் கிரீம் கேக் வெட்டுவோம். பெரிய ஆட்கள், உலை வெக்கையில் வெந்த முகங்கள், காகிதத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அது விளையாட்டில்லை.

ஒருமுறை என்சியோ என்று ஒருவர் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவரை எந்த டாக்ஸியிலும் ஏற்றிக் கொண்டுவர முடியாது. பலகை பூஜ்யத்துக்குப் போயிற்று. கேக் ஏற்கெனவே வந்துவிட்டது, அதை அப்படியே திருப்பி அனுப்பினோம். மாதக்கணக்கில் படுத்துவிட்டு என்சியோ திரும்பி வந்தபோது உணவுக்கூடத்தில் அவர் மேசையில் யாரும் உட்காரவில்லை. யாரும் திட்டவில்லை. எங்கள் ஊரில் திட்ட மாட்டார்கள், தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். 'கேக் தின்னி' என்ற பெயர் மட்டும் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டது. இலையுதிர் காலத்துக்குள் வேலையை விட்டுவிட்டார். அவரை ஒதுக்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒதுக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அடிபட்ட யாரையும் நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவர்களே நொண்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

இப்போது இந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளிகளுக்கு இரண்டு வார்ப்பாலைகள். ஒன்று நாங்கள், இன்னொன்று கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்வீடனில். ஆர்டர்கள் சுருங்கிவிட்டன, இரண்டில் ஒன்றை மூடுவார்கள் என்று பேச்சு. யூர்க்கி எல்லோரையும் உணவுக்கூடத்தில் கூட்டி வைத்துச் சொன்னார். மார்ச்சில் தலைமை அலுவலகத்தார் வந்து பார்ப்பார்கள், பாதுகாப்பு எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள், அதில் நாம் ஸ்வீடன்காரர்களைவிட மேலே இருக்கிறோம், அப்படியே இருக்க வேண்டும் என்றார். பின்வரிசையிலிருந்து அர்மாஸ் எழுந்தார்.

"ஹாக்கியில தோத்தாக்கூடப் போவட்டும்பா. இதுல ஸ்வீடன்காரன்கிட்டத் தோத்தா நான் வீட்டுக்குப் போவ முடியாது, ஒர்வோக்கி கதவைத் திறக்க மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அர்மாஸ் பேசினால் சிரிப்பார்கள். அறுபதை நெருங்கிய ஆள், கிரேன் கொக்கியில் சங்கிலி மாட்டுவது அவர் வேலை. ஒர்வோக்கி அவர் மனைவி, நகர நூலகத்தில் இருந்தவள். குளிர்காலம் வந்தால் அர்மாஸுக்கு ஒரே பைத்தியம்தான், உறைந்த ஆற்றில் துளை போட்டு மீன் பிடிப்பது. எனக்கு அவரை இருபது வருடமாகத் தெரியும். நான் நர்ஸாக இருந்த காலத்திலிருந்தே என்னை 'நர்ஸம்மா' என்றுதான் கூப்பிடுவார், பதவி மாறிய பிறகும் மாற்றவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, சொல்லி வைக்கிறேன்.

தலைமை அலுவலகத்தார் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. அன்றைக்கே பலகையும் நூறைத் தாண்டியது, கேக்குக்குச் சொல்லியிருந்தேன். அவர்கள் காலை ரயிலில் இறங்குவதற்குச் சற்று முன்னால் அது நடந்தது. தாடை ஒன்றைத் தூக்கும்போது சங்கிலி ஒரு பக்கம் நழுவியது. தாடை ஆடி வந்தது. அர்மாஸ் ஒதுங்கினார், ஆனால் கொக்கி அவர் இடது விலாவுக்குக் கீழே அடித்து, பின்னால் இருந்த வார்ப்புகளின் மேல் தள்ளியது. பார்த்தது கிரேன் ஓட்டியவர் மட்டும்தான். அர்மாஸ் தானாகவே எழுந்து, தானாகவே நடந்து காப்பகத்துக்கு வந்தார். நான் நாற்காலியில் குஷன்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நர்ஸம்மா, இன்னிக்குன்னு பார்த்து நான்தான் கேக் தின்னி ஆவணுமா? வேற ஆளப் பாரு."

சட்டையைத் தூக்கச் சொன்னேன். தோல் கிழியவில்லை, சிவந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தார். வேறு எங்காவது வலிக்கிறதா என்று கேட்டேன்.

"அதான் வேடிக்கை. அடி வயித்துல, வலி தோள்பட்டையில. இடது பக்கம். கிழவனுக்கு உடம்புக்குள்ள ஒயரெல்லாம் மாறிப்போச்சு போல."

நானும் சிரித்தேன். கையை எடுத்துவிட்டேன். போர்வை போர்த்தி, காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, கையில் காப்பிக் கோப்பை கொடுத்தேன். குடிக்காதே, சும்மா பிடித்துக்கொண்டிரு என்றேன். ஏன் குடிக்கக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் போகக்கூடியவர் வயிற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது, அது கைப்பழக்கம், என் வாயில் தன்னால் வந்துவிட்டது. அப்போது என் மனதில் இருந்தது விருந்தாளிகள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பும்வரையிலான நேரம் மட்டும்தான். அவ்வளவு நேரம் பொறுத்தால் போதும் என்று நினைத்தேன்.

அவரே ஒரு வழியும் சொன்னார்.

"நாளைக்கு ஆத்துல தூண்டில் போட்டி இருக்குல்ல? பனியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிக்கலாம். வருஷா வருஷம் எவனாவது விழறான். இந்த வருஷம் நான்."

நல்ல யோசனை என்று எனக்குப் பட்டது. சனிக்கிழமை, ஆறு, சொந்த நேரம். எந்த ஆலைக்கும் சம்பந்தமில்லை. அப்படியே செய்வோம், நாளைக் காலையில் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். கிரேன் ஓட்டியவரையும் போய்ப் பார்த்தேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, அர்மாஸ் நன்றாக இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும் வந்தார்கள். யூர்க்கி சுற்றிக் காட்டினார். மாற்று வேலை அறையையும் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டார். அர்மாஸ் போர்வையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, தகர வில்லைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் குனிந்து கைகுலுக்கினார். உங்கள் கை ரொம்பச் சில்லென்று இருக்கிறதே என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை ஸ்வீடிஷில் அர்மாஸ், இந்த வார்ப்பாலையிலேயே சூடாகாத ஒரே ஆள் நான்தான் என்று பதில் சொன்னார். அந்த அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இங்கே ஆட்களை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று என் தோளைத் தொட்டுச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

மதியம் கேக் வெட்டினோம். அர்மாஸின் பங்கை நானே கொண்டுபோனேன். அவர் தின்னவில்லை. மேலே இருந்த சர்க்கரை ரோஜாவை மட்டும் எடுத்துக் காகிதத்தில் சுற்றி, ஒர்வோக்கிக்குப் பிடிக்கும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகம் மாவு பூசியது மாதிரி இருந்தது. உதட்டோரத்தில் வேர்வை. நாடி பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது, மெல்லியதாக, வேகமாக.

நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அப்போது விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஷிப்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, வாசலில் ஆட்கள் கேக் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே ஸ்ட்ரெச்சர் போவதை நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்காகவும் நினைத்தேன், அர்மாஸுக்காகவும் நினைத்தேன். திரும்பி வரும்போது அவர் மேசையில் யார் உட்காருவார்கள்?

ஷிப்டு முடிந்ததும் வருகைப் பதிவுக் கார்டைத் தானே இழுத்தார். நான் முழங்கையைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். என் காரில் ஏற்றிக்கொண்டேன். பாலத்தைத் தாண்டியதும் சாலை பிரியும், உங்களுக்கும் தெரியும். இடதுபக்கம் ஆஸ்பத்திரி. வலதுபக்கம் அவர்கள் தெரு.

"இடது பக்கம்தான போவணும்?" என்று கேட்டார்.

"வலி அதிகமாயிருக்கா?"

"இல்ல. வலி கொறஞ்சிருக்கு. தாகந்தான் தாங்கல."

"அப்ப வீட்டுக்குப் போ. சௌனாவுல சூடா கொஞ்ச நேரம் உட்காரு, பிடிப்பு விட்டுடும். காலையில நான் வர்றேன்."

அவர் தலையாட்டினார். எங்கள் ஊரில் வீட்டுச் சௌனாவின் ஆவி வெப்பத்தில் உட்கார்ந்தால் சரியாகாத வலி இல்லை என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவரும் நம்பினார். நான் வலது பக்கம் திருப்பினேன்.

வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றிவிட்டு, பாத்திரம் தேய்த்தேன். அப்போது ஒர்வோக்கி போன் செய்தாள். அர்மாஸ் சௌனாவிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர் உடைமாற்றும் அறை பெஞ்சிலேயே படுத்துவிட்டார், உடம்பெல்லாம் வேர்த்து ஐஸாக இருக்கிறது, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். என்னைக் கேட்டுச் செய்யச் சொல்லி அவர்தான் சொன்னாராம். கொஞ்சம் பொறு, நான் வந்து பார்க்கிறேன் என்றேன். அவளைத் தனியாக விட்டால் கூப்பிட்டுவிடுவாள். அதனால்தான் போனேன்.

அர்மாஸ் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார். சங்கிலிக் கொக்கியின் வளைவு அப்படியே விலாவுக்குக் கீழே நீலமாகத் தெரிந்தது, வெப்பத்தில் துலக்கமாகியிருந்தது. துண்டை இழுத்து மூடினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஹில்க்கா, நாளைக்கு என்னால முடியாது போல. போட்டியில என் பேரை எடுத்துடச் சொல்லிடு."

நர்ஸம்மா என்று சொல்லவில்லை. இருபது வருடத்தில் அதுதான் முதல்முறை. சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சமையலறைக்கு வந்தேன். ஒர்வோக்கி கையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆம்புலன்ஸுக்கு, நூத்திப் பன்னெண்டுக்குப் போடட்டுமா ஹில்க்கா? எனக்கு ஒண்ணும் புரியல. நீதான் சொல்லணும்."

"இப்பத்தான் கண்ணயர்ந்திருக்காரு. எழுப்பாதே. உட்காரு."

போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பிடுங்கவில்லை, கொடுத்தாள். தூண்டில் போட்டியின் செயலாளருக்கு அந்தப் போனிலிருந்து பேசி, அர்மாஸின் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். ஜலதோஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று மாலை அந்த வீட்டிலிருந்து வெளியே போன அழைப்பு அது ஒன்றுதான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறகு போனை மேசைமேல் வைத்து அதன்மேல் என் கையை வைத்துக்கொண்டேன். ஒர்வோக்கி காப்பி போட்டாள். சர்க்கரை ரோஜாவைத் தட்டில் வைத்திருந்தாள், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அவரைப் பற்றிப் பேசினாள். கோடையில் படகுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், ஆலையை மூடினால்கூடப் பரவாயில்லை, இரண்டு பேரும் தீவுக் குடிலில் போய் இருந்துவிடலாம் என்று அவர் சொன்னதாகச் சொன்னாள். அவள் பேசப் பேச நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது முறை போனபோது நாடி இல்லை.

உங்கள் மருத்துவர் உடலை அறுத்துப் பார்த்துவிட்டு மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்ததாக எழுதியிருக்கிறார். அது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். எப்போது தெரியும் என்றால், காலையில், தோள்பட்டை வலிக்கிறது என்று அவர் சொன்ன அந்த நொடியில். வயிற்றின் இடதுபக்கம் அடிபட்டு இடது தோள் வலித்தால் அது என்ன என்று என் வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். தாகம் என்றால் என்ன என்றும் தெரியும். அப்படிப்பட்டவரை வெப்பத்தில் உட்கார வைத்தால் ரத்தம் இன்னும் வேகமாகப் போகும் என்பதும் தெரியும். பாலத்தில் இடதுபக்கம் திரும்பியிருந்தால் பிழைத்திருப்பார். ஒர்வோக்கி கேட்டபோது சரி என்றிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் இன்னும் சற்றுப் பொறுத்தால் போதும் என்று நினைத்தேன், அது உண்மை. சமையலறையில் உட்கார்ந்தபோது அப்படி நினைக்கவில்லை, அதுவும் உண்மை. அப்போது நான் நினைத்தது வேறு. இந்த வயதில் சௌனாவில் உட்கார்ந்து இதயம் நின்றுபோகிற ஆண்கள் எத்தனையோ பேர், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். திடீர் மரணம் என்றால் அறுத்துப் பார்ப்பார்கள் என்பதை எப்படி மறந்தேனோ தெரியவில்லை. களைப்பாக இருந்திருக்கும்.

ஒர்வோக்கி உங்களிடம் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஹில்க்கா மட்டும் வந்து பக்கத்தில் உட்காராவிட்டால் தவித்துப் போயிருப்பேன் என்றாளாம். அடக்கம் முடிந்து காப்பி கொடுக்கும்போதும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள், என் கையை விடவே இல்லை. அவள் சொன்ன அந்த வார்த்தையிலிருந்துதானே நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். அவளிடம் இதையெல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் முடியாது. அது ஒன்றுதான் என்னால் முடியாதது.

சென்ற வாரம் யூர்க்கி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். எங்கள் ஆலையை மூடுகிறார்கள். மின்சாரக் கட்டணம், கப்பல் செலவு என்று ஏதேதோ சொன்னார். போன இலையுதிர் காலத்திலேயே முடிவாகிவிட்டதாம். அன்றைக்கு வந்தவர்கள் எண்ணைப் பார்க்க வரவில்லை, எந்தக் கிரேனைக் கழற்றி ஸ்வீடனுக்கு எடுத்துப் போகலாம் என்று அளக்க வந்தார்கள். காப்பகத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டது மரியாதைக்காக. யூர்க்கி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அப்படியா என்று கேட்டுவிட்டு, தகர வில்லைகளை எடுத்து டப்பாவில் போட்டேன்.

அவ்வளவுதான். மறைக்க ஒன்றும் இல்லை. நீங்கள் தட்டச்சு செய்ததைப் படித்துக் காட்டியதற்கு நன்றி, வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருக்கிறது. மேலே தலைப்பில் மட்டும் ஒரு பிழை. வேலையிட விபத்து என்று போட்டிருக்கிறீர்கள். அர்மாஸ் ஷிப்டை முடித்துவிட்டுத்தான் போனார், கார்டை இழுத்துவிட்டுத்தான் போனார், இறந்தது அவர் சொந்த வீட்டில். அடுத்த ஷிப்டு திங்கட்கிழமைதான், அதற்கு அவர் வராமல் போனது அடிபட்டதால் இல்லை. நான் கொன்றேன் என்று எழுதுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். வேலையிட விபத்து என்று மட்டும் எழுதாதீர்கள்.